காது கேக்குது, பேச்சுதான் வெளங்கல

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனை ஆலையில் காலம் கழித்தவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாத நாள் குறைவு.

"ஏங்க, மருந்து வாங்கிட்டு வரச் சொன்னேனே, வாங்கலியா?"

"எப்ப சொன்ன?"

"டிவி ஓடிக்கிட்டு இருந்தப்பச் சொன்னேன். தலைய ஆட்டுனீங்களே!"

"சத்தம் காதுல விழுந்துச்சு. என்னான்னுதான் வெளங்கல."

பேச்சு வளர்ந்தால் அலமாரியிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். ஆலையில் எடுத்த செவிச் சோதனையின் முடிவு அது. 'நார்மல்' என்று எழுதியிருக்கும். கணவர் பொய் சொல்லவில்லை. மனைவி மிகைப்படுத்தவும் இல்லை. தாளில் உள்ளதும் சரிதான். அந்தச் சோதனை அவரிடம் கேட்ட கேள்வி வேறு, வீட்டில் அவர் படும் பாடு வேறு. இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட நம் மக்கள் எத்தனையோ பேர் 'கவனமே இல்லாத ஆளு', 'திமிரு புடிச்சவரு', 'வயசாயிடுச்சு' என்று பெயர் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரைச்சலில் உழைத்த காதை அமைதியில் மட்டும் சோதித்தால் போதாது. இரைச்சலிலேயே, அவர்கள் பேசும் தமிழிலேயே சோதிக்க வேண்டும். இதற்கான வழி உலகில் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஓசையில்லாத வேலையிலிருந்து ஆலைக்கு

நம் முன்னோர் இந்த மண்ணில் செய்த முதல் வேலைகள் பெரும்பாலும் ஓசையற்றவை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கோடு நிரைக்குள் நுழைந்து பால் வெட்டுவார்கள். இரண்டு நிரை தள்ளி நிற்பவர் பாடுவதுகூடக் கேட்கும்.

செம்பனை வந்த பிறகு இது மாறியது. மலாயாவில் வாணிப நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சு நாட்டவரான ஆன்ரி ஃபோகோனியே 1917இல் அதைத் தொடங்கினார். தோட்டத் தமிழர்களை அருகிருந்து பார்த்த இவர் பின்னாளில் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. செம்பனையோ கோல சிலாங்கூரையும் உலு சிலாங்கூரையும் நிறைத்துவிட்டது.

செம்பனைக் குலை வெட்டிய சூட்டோடு ஆலைக்குப் போக வேண்டிய பொருள். அதனால் தோட்டங்களுக்கு நடுவிலேயே ஆலைகள் எழுந்தன. குலைகளை அவிக்கும் கலனிலிருந்து நீராவி சீறி வெளியேறும். கொதிகலனும் டர்பைனும் ஓயாது இரையும். பழத்தைப் பிழியும் எந்திரம் ஒரு பக்கம், கொட்டையை உடைக்கும் எந்திரம் மறுபக்கம். காட்டிலும் நிம்மதி இல்லை. புல் வெட்டும் மெஷின், குலை வெட்டும் மோட்டார் கத்தி, டிராக்டர் என்று அங்கேயும் மோட்டார் புகுந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை, அதன்மேல் ஓவர்டைம், இப்படியே பல ஆண்டுகள். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை.

தாளில் வராத நாலாயிரம்

ஆலையில் நடக்கும் சோதனை எப்படி என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒலி புகாத சிறு அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 'பீப்' என்று கேட்டால் அழுத்த வேண்டும். 500 ஹெர்ட்ஸ், 1,000, 2,000, 3,000, 4,000, 6,000 என்று ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று குறிப்பார்கள். நல்ல சோதனைதான், அவசியமானதும்கூட. ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மலேசியாவில் இதற்குச் சட்டம் உண்டு. 1989ஆம் ஆண்டின் ஆலை இரைச்சல் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்வரை அனுமதித்தன. 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ள புதிய விதிகள் அந்த வரம்பை 85ஆகக் குறைத்தன. டெசிபல் கணக்கில் ஐந்து என்பது சிறிய எண் அல்ல. மூன்று டெசிபல் ஏறினாலே காதில் விழும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். 85ஐத் தாண்டிய இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்து தர வேண்டும். இரைச்சலால் வரும் கேள்விக் குறைபாடு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்நோயாக இருக்கிறது. பல ஆண்டுகளாக நாட்டில் அதிகம் பதிவாகும் தொழில்நோயும் இதுதான்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 'கேள்விக் குறைபாடு' என்று விதி சொல்வது 500, 1,000, 2,000, 3,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரி 25 டெசிபலோ அதற்கு மேலோ போவதை. இரைச்சல் முதலில் தாக்குவதோ 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடம். செவித்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளமாக இறங்கும். டாக்டர்கள் அதைப் பார்த்தே 'இது இரைச்சலால் வந்தது' என்று ஊகிப்பார்கள். ஒருவருக்கு 500இல் 10, 1,000இல் 15, 2,000இல் 20, 3,000இல் 40 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 21.25 வரும். 4,000இல் அவருக்கு 60 டெசிபல் போயிருந்தாலும் அந்தக் கணக்கின்படி குறைபாடு இல்லை.

முந்தைய சோதனையோடு ஒப்பிடும்போது 2,000, 3,000, 4,000 ஆகியவற்றின் சராசரி 10 டெசிபல் சரிந்தால் எச்சரிக்கை எழுப்ப வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பிடுவதற்குத் தொடக்கத்திலேயே எடுத்த ஒழுங்கான சோதனை கையில் இருக்க வேண்டும். பழைய தலைமுறையில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது?

கடையா, வடையா?

பேச்சின் சத்தம் ஓரிடத்திலும் அதன் பொருள் வேறோர் இடத்திலும் தங்கியிருக்கின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளும் ம, ன போன்ற மெல்லொலிகளும் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிப்பவை. ஆலை இரைச்சல் அவற்றைக் கடைசியில்தான் தொடும். க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் மின்னி மறைபவை. கடை, சடை, தடை, படை, மடை, வடை, நடை என்று அடுக்கிப் பாருங்கள். முதல் ஒலி ஒன்றுதான் வேறுபாடு. 4,000 ஹெர்ட்ஸை இழந்தவருக்கு 'அடை' என்ற மீதி தெளிவாகவே கேட்கும். அதனால்தான் அவர் 'கேக்குது' என்கிறார்.

அமைதியான அறையில் மூளை மிச்சத்தை ஈடுகட்டிவிடும். எதிரில் இருப்பவரின் உதடு, பேச்சின் போக்கு, பழக்கம் எல்லாம் கைகொடுக்கும். 'பசிக்குது, ரெண்டு ... வாங்கிட்டு வா' என்றால் அது வடைதான், தடை அல்ல. இந்த ஊகத்திறன் நம் பெரியவர்களிடம் அபாரமானது. பல ஆண்டுகள் குறைபாட்டை மறைத்து வைப்பதும் அதுவேதான். மின்விசிறி, மழை, மண்டபத்துக் கூட்டம், கோயில் மைக் என்று ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டால் ஊகிக்கவும் பிடி கிடைக்காமல் போகிறது.

டச்சு ஆய்வாளர் ரைனியர் பிளாம்ப் 1978இல் இதைக் கூர்மையாகப் பிரித்துக் காட்டினார். கேள்விக் குறைபாட்டில் இரண்டு பகுதி உண்டு என்றார் அவர். ஒன்று, ஒலி மங்குவது. மற்றொன்று, ஒலி சிதைவது. மங்கலைக் கருவி வைத்துப் பெருக்கிச் சரிசெய்யலாம். சிதைவைப் பெருக்கினால் சிதைவும் சேர்ந்தே பெருகும். 'மெஷின் மாட்டியும் பிரயோஜனம் இல்ல' என்று பலர் அதைக் கழற்றி டிராயரில் போடுவதற்கு இது ஒரு காரணம். பீப் சோதனை மங்கலை மட்டுமே அளக்கிறது. சிதைவு எவ்வளவு என்று அறிய இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

2009இல் அமெரிக்காவின் ஷரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் எலிகளில் கண்டது இன்னும் கவலை தருவது. பலத்த இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் பீப் அளவு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. உள்ளே பார்த்தால், மயிர்ச்செல்லையும் செவிநரம்பையும் சேர்க்கும் இணைப்புகளில், பாதிப்பு மிகுந்த பகுதியில் பாதியளவு அழிந்திருந்தன. மனிதருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்று ஆய்வுலகம் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறது. 'சோதனையில் நார்மல், சந்தையில் திண்டாட்டம்' என்பவர்களைப் பாசாங்கு செய்கிறார்கள் என்று எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக் கூடாது என்று அந்த ஆய்வு யோசிக்க வைக்கிறது.

இரைச்சலுக்குள் ஒரு வாக்கியம்

ஒரே ஒலிபெருக்கியில் பல விமானிகளின் குரல் கலந்து வந்தபோது விமானக் கட்டுப்பாட்டாளர்கள் திணறினார்கள். இப்படிப்பட்ட சிக்கல்களைப் பார்த்துத்தான் பிரிட்டனின் காலின் செரி 1953இல், பல குரல்களில் ஒன்றை மட்டும் மனிதர் எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று ஆராய்ந்தார். அதற்குப் பிறகு பல நாடுகளில், இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் உருவாயின.

நடைமுறை எளிது. ஹெட்போனில் இரைச்சல் ஒரே அளவில் ஓடும். நடுவே ஒரு சிறு வாக்கியம் வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வாக்கியம் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும். தவறினால் குரல் உயரும். இப்படி ஏறியிறங்கி, பாதியளவு மட்டும் பிடிபடும் இடத்தில் சோதனை நிலைகொள்ளும். அந்த இடத்தில் பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் கூடுதல் அல்லது குறைவு என்பதே மதிப்பெண். நல்ல காதுள்ள இளைஞர், பேச்சைவிட இரைச்சல் ஏழெட்டு டெசிபல் ஓங்கியிருக்கும்போதும் பாதியைப் பிடித்துவிடுவார். குறைபாடு உள்ளவருக்குப் பேச்சு இரைச்சலை எட்டிப்பிடிக்க வேண்டும், சிலருக்குத் தாண்டவே வேண்டும். அந்த எல்லைக்கோட்டில் ஒரே ஒரு டெசிபல் மாறினால் பத்துச் சொல்லில் ஒன்றோ அதற்கு மேலோ கிடைக்கும், அல்லது கைநழுவும்.

சுவீடனின் பியோர்ன் ஹாகர்மன் 1982இல் ஒரு வழி கண்டார். ஐந்து சொல் வாக்கியம். ஒவ்வோர் இடத்துக்கும் பத்துச் சொல். ஐம்பதே சொற்களில் ஒரு லட்சம் வாக்கியம் அமைக்கலாம்; மனப்பாடம் செய்து ஏமாற்ற முடியாது. பின்னர் பல மொழிகள் இதை எடுத்துக்கொண்டன. தமிழில் செய்யும்போது பெயர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப வினைமுடிவு மாறும். கடைசிச் சொல்லைக் கேட்டே முதல் சொல்லை ஊகித்துவிடலாம். நம் பேச்சுவழக்கில் 'வாங்குனாங்க' என்ற மரியாதை வடிவம் இருபாலுக்கும் பொது என்பதால் அது இங்கே கைகொடுக்கும். 'மாலா அஞ்சு சின்ன கூடை வாங்குனாங்க', 'குமார் ஏழு பழைய கூடை வாங்குனாங்க' என்று அமைக்கலாம்.

மலாயில் கேட்டால் யாருடைய குறை?

மலேசியாவில் ஆடியோலஜி எனும் செவியியல் படிப்பை 1990களில் தொடங்கியது மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். இரைச்சலில் வாக்கியங்களைக் கேட்டறியும் சோதனையின் மலாய் வடிவமும் 2008இல் வெளியானது. மெச்சத்தக்க பணி அது. ஆனால் அந்தச் சோதனையைத் தமிழ் பேசும் ஒரு பெரியவருக்கு வைத்தால் என்ன ஆகும்?

வளர்ந்த பிறகு கற்ற மொழியில், அமைதியில் சரளமாகப் பேசுபவர்கள்கூட இரைச்சலில் பின்தங்கிவிடுகிறார்கள் என்று லின் மேயோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இலேயே காட்டினார்கள். காது ஒன்றுதான், கெட்டுப்போகவும் இல்லை. மொழி மாறியதும் மதிப்பெண் சரிகிறது. தோட்டத்தில் பிறந்து தமிழிலேயே வாழ்ந்தவரை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்தால், வரும் மதிப்பெண் காதைச் சொல்கிறதா மொழியைச் சொல்கிறதா என்று யாராலும் பிரிக்க முடியாது. இன்று அதே ஆலைகளில் உழைக்கும் வங்காளதேசிகளுக்கும் நேப்பாளிகளுக்கும் இதே நியாயம் வேண்டும்.

அந்தத் தமிழும் எந்தத் தமிழ் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் தமிழ்ச் சொற்பட்டியல்கள் 1970களிலிருந்தே செவிச் சோதனைக்காக உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றை அப்படியே கொண்டுவந்தால் பெஸ்தாரி ஜெயாவில் பாதிச் சொல் அந்நியமாக ஒலிக்கும்.  பெரட்டும் தண்டலும் லயமும் பசாரும் பேசும் நாக்குக்குப் பழக்கமான சொற்கள் வேண்டும். பதிவு செய்யும் குரலும் இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவருடையதாக இருக்க வேண்டும். இலக்கணத் தமிழில் செய்திவாசிப்பாளர் குரலில் வரும் வாக்கியம் பள்ளித் தேர்வு மாதிரி பயமுறுத்தும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சோதனை தொடங்குமுன்பே தோற்றுவிட்ட எண்ணம் வந்துவிடும்.

மூன்று எண் போதும்

வாக்கியச் சோதனை ஆஸ்பத்திரிக்கு. ஊரெல்லாம் சலித்தெடுக்க இன்னும் எளிய வழி உண்டு. நெதர்லாந்தில் 2003இல் தொலைபேசி வழியாக ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்கள் வரும். கேட்ட எண்களைத் தொலைபேசியில் அழுத்த வேண்டும். முதல் நான்கு மாதங்களிலேயே 65,000 அழைப்புகளுக்கு மேல் வந்தன. தென்னாப்பிரிக்கா 2016இல் அதைக் கைப்பேசிச் செயலியாக்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் ஒரு செயலி வெளியிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம், ஒலி புகாத அறை கட்டாயம் இல்லை என்பது. இரைச்சலைச் சோதனையே தன்னுடன் கொண்டுவருகிறது. அளப்பது பேச்சுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை. சுற்றுப்புறம் ஓரளவு அடங்கியிருந்து, ஹெட்போன் ஒழுங்காக இருந்தால் முடிவு பெரிதாகக் கெடாது. ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் கிளினிக்குகளின் ஓர் அறையிலோ கோயில் மண்டபத்தின் ஓரத்திலோ சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

ஒண்ணு, ரெண்டு, மூணு தெரியாதவர் யாரும் இல்லை என்பது உண்மை. ஆனால் நம்மவர்கள் போன் நம்பரை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். 'எந்த மொழியில் எண்ணுவீங்க, அங்கிள்?' என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் மொழியில் தொடங்குவதுதான் சரி.

குறையும் உண்டு. காதில் குரும்பை அடைத்திருந்தாலோ நடுக்காதில் சீழ் இருந்தாலோ, ஒலியைக் கூட்டி வைத்தால் ஒருவர் இந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். அதைப் பிடிக்கத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பேச்சின் ஒலியலையை இரு காதுகளுக்கும் எதிரெதிராகத் திருப்பிக் கொடுக்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். தேறாதவரைக் கட்டாயம் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தேறியவர் காதுவலி என்றால் அவரையும்தான்.

தகரக் கூரைக்கு அடியில்

ஆலைக்குப் போகாத காதுகளும் இதில் உண்டு. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு மதிய மழை நினைவிருக்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஆசிரியரின் உதடு அசைவது மட்டும் தெரியும். வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. விசிறி நாலு சுற்றினாலே அந்த வரம்பு உடைந்துவிடும். பெரியவரைவிடக் குழந்தைக்குப் பேச்சு இரைச்சலுக்கு மேலே இன்னும் உயர்ந்து நிற்க வேண்டும், ஏனென்றால் விட்டுப்போனதை ஊகிக்கச் சொல்வளம் இன்னும் சேரவில்லை. நம் பிள்ளை ஒரே நாளில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கேட்கிறது. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து மலாய்ப் பாடத்தில் முழிக்கும் பிள்ளையை 'மக்கு' என்று எழுதுமுன் காதையும் கூரையையும் பார்த்தாக வேண்டும்.

ஆலைக்குத் திரும்பினால், காதடைப்பானைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: 'அத மாட்டுனா மண்டோர் சொல்றது கேக்காது.' நல்ல காதுள்ளவர்களுக்கு, பலத்த இரைச்சலில் அடைப்பான் பேச்சைக் கெடுப்பதில்லை, சில சமயம் தெளிவாக்குகிறது என்று கார்ல் கிரைட்டர் 1946இலேயே கண்டார். இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறைவதால் காது திணறாமல் வேலை செய்கிறது. ஆனால் ஏற்கெனவே உயர்சுருதி போனவருக்கு அடைப்பான் மிச்சத்தையும் மறைத்துவிடும். அவர் எச்சரிக்கைக் குரலைக் கேட்க அதைக் கழற்றுவார். கழற்றியதால் காது மேலும் கெடும். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை இரைச்சல் சோதனை சொல்லும், அதற்கேற்ற அடைப்பானையும் விளக்கு சமிக்ஞையையும் கொடுக்கலாம்.

முதலாளி இல்லாத காதுகள்

மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக நெடுங்காலம் போராடியதை இந்த வட்டாரமே அறியும். அவர்களைப் போலத் தோட்டம் கைமாறி வெளியேறியவர்களுக்குச் செவிச் சோதனை செய்ய வேண்டிய முதலாளி யார்? விதி, வேலையில் இருப்பவருக்கானது. இரைச்சலில் இழந்த காது அறுபது வயதில்தான், முதுமையின் இழப்பும் சேர்ந்த பிறகு, தன் முழுக் கணக்கைக் காட்டும். செவித்திறன் குறைவை மறதிநோய்க்கான, தடுக்கக்கூடிய காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் சொல்லிவருகிறது. ஆகவே இந்தப் பொறுப்பைச் சுகாதார அமைச்சின் கிளினிக்குகள் எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வரும் நாளிலேயே மூன்று எண் சோதனையையும் சேர்த்துவிடலாம்.

அதுவரை இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. வேலையில் இருப்பவர்கள் ஆண்டுச் சோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். 'நார்மல்' என்ற சொல்லோடு நிற்காமல் 4,000 என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். போன ஆண்டுத் தாளோடு ஒப்பிடுங்கள். ஆடியோலஜிஸ்டிடம் போனால் 'பீப் கேக்குது, கூட்டத்துல பேச்சு வெளங்கல' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். இரைச்சலில் சோதிக்க முடியுமா, தமிழில் முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் டிவியை அணைத்துவிட்டு, அப்பாவின் முகத்துக்கு எதிரே வந்து, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தும்போது உயிரொலிதான் ஓங்குகிறது, அவருக்குத் தேவைப்படும் மெய்யொலி அதற்குள் அமுங்கிப்போகிறது.